பக்கத்து பேக்டரிகிட்ட எந்த நம்பரைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது?

ஆத்தூர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு:

“அக்கா வணக்கம். எங்க சேகோ பேக்டரி, மரவள்ளிக் கிழங்குல இருந்து ஜவ்வரிசி பண்றது, அப்பா ஆரம்பிச்சது, நான் பாத்துக்க ஆரம்பிச்சு நாலு வருஷம் ஆச்சு. எங்க ஏரியாவுல ஆறு பேக்டரிக்காரங்க, எல்லாம் கிட்டத்தட்ட என் வயசுதான், மாசம் ஒருக்கா உக்காந்து நம்பரையெல்லாம் பகிர்ந்துக்கலாம்னு பேசிக்கிட்டிருக்கோம். கிழங்கு என்ன விலைக்கு வாங்கறோம், லாரி வாடகை, கரண்ட் செலவு, ஒரு டன்னுக்கு எத்தனை மூட்டை விழுது, சரக்கு வாங்கற பார்ட்டி எத்தனை நாள்ல பணம் போடறாங்க, எல்லாமே. பெரிய கம்பெனிங்க ஒருத்தர் நம்பரை இன்னொருத்தரோட ஒப்பிட்டு பெஞ்ச்மார்க்னு பண்றாங்களே அது மாதிரி. அப்பா ‘தொழில் கணக்கை வெளிய விட்டா வீடு உருப்படாது’ன்னு கோவிச்சுக்கறாரு. யார் சொல்றது சரி? பண்றதுன்னா எப்படி ஆரம்பிக்கிறது? சாப்ட்வேர் ஏதாச்சும் வாங்கணுமா?”

தம்பி, உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். நீங்க ஆறு பேரும் ஒண்ணா உக்காரணும்னு நினைச்சதே எனக்கு அவ்வளவு சந்தோஷம், நான் இந்த சப்ளை செயின், அதாவது சரக்கு வாங்கி, பண்ணி, அனுப்பற வேலையில இருபது வருஷத்துக்கு மேல இருக்கேன், சேலத்துல பக்கத்து பக்கத்து காம்பவுண்டுல ஒரே தப்பை தனித்தனியா பண்ணி தனித்தனியா நஷ்டப்பட்டு உக்காந்திருக்கறவங்களை அவ்வளவு பாத்திருக்கேன். அதனால பண்ணுங்க. ஆனா நீங்க எழுதியிருக்கற லிஸ்ட்ல முதல்ல நிக்குதே “கிழங்கு என்ன விலைக்கு வாங்கறோம்”, அதை இன்னைக்கே அடிச்சிடுங்க, லாரி வாடகையையும் சேர்த்து. ஏன்னு சொல்லிட்டு மத்ததுக்கு வரேன்.

நீங்க ஆறு பேரும் ஒரே விவசாயிங்ககிட்ட கிழங்கு வாங்கறவங்க. ஆறு பேரும் உக்காந்து நான் இவ்வளவுக்கு வாங்கறேன் நீ எவ்வளவுக்கு வாங்கறன்னு பேச ஆரம்பிச்சா, யாரும் வாய்விட்டு “இதுக்கு மேல தர வேணாம்”னு சொல்லாட்டியும் அடுத்த வாரம் ஆறு பேரோட விலையும் ஒரே இடத்துல வந்து நிக்கும். காம்படிஷன் ஆக்ட்னு 2002ல போட்ட சட்டம் இருக்கு, அதுல மூணாவது பிரிவு, போட்டியில இருக்கறவங்க நேரடியாவோ மறைமுகமாவோ வாங்கற விலையையோ விக்கிற விலையையோ சேர்ந்து முடிவு பண்ணா அது தப்புங்குது, விக்கிற விலை மட்டும் இல்ல, வாங்கற விலையும். மாட்டினா ஒவ்வொரு வருஷத்துக்கும் லாபத்துல மூணு மடங்கு வரைக்கும், இல்ல டர்ன்ஓவர்ல 10 சதவீதம் வரைக்கும், எது ஜாஸ்தியோ அதுவரைக்கும் அபராதம் போடலாம். 2023ல சட்டத்தைத் திருத்துனப்ப, அந்தத் தொழிலே செய்யாத ஆள் இந்தக் கூட்டு நடக்கறதுக்கு உதவுனாலும் அவரையும் சேர்த்துக் கேக்கலாம்னு வந்திருச்சு, அதாவது நடுவுல உக்காந்து கணக்கு எடுத்துக் குடுக்கற ஆடிட்டரும் கன்சல்டன்டும் கூட. வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வரி போட்டாலும் அது எழுத்துதான்.

சட்டத்தை விடுங்க. கிழங்கு விலை பிரச்சனை வந்தா கலெக்டர் ஆபீஸ்ல விவசாயி, ஆலைக்காரங்க, அதிகாரிங்கன்னு மூணு தரப்பும் உக்காந்து பேசறது உங்களுக்கே தெரியும், பத்து மாசம் காட்டுல தண்ணி கட்டி வளத்தவங்க கேக்கற விலை அது. உங்க பெஞ்ச்மார்க் அவங்க வயித்துல கை வைக்கிறதா ஆகிடக்கூடாது. இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல.

இப்ப எதைப் பகிர்ந்துக்கலாம்ங்கறதுக்கு வரேன், உங்களுக்கு நிஜமா பணம் இருக்கற இடம் அதுதான்.

போன சீசன்ல உங்க பக்கத்து ரோட்டுலயே ஒரு பேக்டரி கேட்டுல காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன். கருமந்துறையில இருந்து ஒரு லாரி, காலையில பதினோரு மணிக்கு வந்து நிக்குது, முன்னாடி ஏழு வண்டி. டிரைவர் வண்டிக்கு அடியில துண்டை விரிச்சுப் படுத்துட்டாரு. கிழங்கு முந்தின நாள் மத்தியானம் பிடுங்கினதுன்னு கூட வந்த விவசாயி சொன்னாரு. நான் ஒரு கிழங்கை எடுத்து உடைச்சுப் பாத்தேன், உள்ள வெள்ளையாதான் இருந்துச்சு, ஆனா தோலுக்கு ஒட்டின ஓரத்துல மெல்லிசா நீலமும் கருப்புமா நூல் ஓடின மாதிரி கோடு விழ ஆரம்பிச்சிருந்துச்சு. அந்த வண்டி எடை மேடை ஏறுனப்ப மணி ஆறரை. அதுக்கப்புறம்தான் பாயிண்ட், அதாவது கிழங்குல மாவு எவ்வளவுங்கற அளவு, பாத்தாங்க. பாயிண்ட் குறையுதுன்னு ஒரு பக்கம் சத்தம், எங்க கிழங்குல குறையே இல்லைன்னு இன்னொரு பக்கம் சத்தம், ஆனா அந்த ஏழரை மணி நேரம் வெயில்ல நின்னதைப் பத்தி ரெண்டு பேருமே பேசல.

மரவள்ளி மண்ணை விட்டு வெளிய வந்துட்டா ரெண்டு மூணு நாள்தான் தாங்கும், அதுக்குள்ள அரைச்சாகணும்னு உங்க அப்பாவுக்கு என்னைவிட நல்லா தெரியும். ஒரு பாயிண்ட்ங்கறது கிட்டத்தட்ட ஒரு சதவீத மாவுன்னு வச்சுக்கிட்டா, பத்து டன் லாரியில ஒரு பாயிண்ட் போனா 100 கிலோ மாவு போச்சு, உங்க 90 கிலோ மூட்டையில ஒண்ணுக்கு மேல, ஒரே ஒரு வண்டியில. இப்ப சொல்லுங்க, “பிடுங்குன நேரத்துல இருந்து அரவைக்குப் போற வரைக்கும் எத்தனை மணி நேரம்” அப்படிங்கற நம்பர் உங்க ஆறு பேர்ல யார்கிட்டயாச்சும் இருக்கா? இருக்காதுன்னே நினைக்கிறேன். இதைப் பகிர்ந்துக்கறதுல யாருக்கும் நஷ்டம் இல்ல, விவசாயிக்கும் லாபம், வண்டிக்காரருக்கும் லாபம். ஒரு பேக்டரியில சராசரி 20 மணி நேரம், இன்னொண்ணுல 38 மணி நேரம்னு வந்துச்சுன்னா, அந்த 20 மணிக்காரர் என்ன பண்றாருன்னு போய்ப் பாக்கணும், டோக்கன் போட்டு நேரம் சொல்லி வண்டியை வரச் சொல்றாரா, இல்ல ராத்திரியும் இறக்கறதுக்கு ஆள் வச்சிருக்காரா. அந்தப் போய்ப் பாக்கறதுதான் பெஞ்ச்மார்க், வெறும் நம்பரை மட்டும் பாத்துட்டு வந்தா வீட்டுக்கு வந்து வருத்தப்படத்தான் முடியும்.

அடுத்தது, ஒரு டன்னுக்கு எத்தனை கிலோ. இதை எல்லாரும் ஆசையா பேசுவாங்க, ஆனா இதுலதான் சண்டை வரும். பாயிண்ட் சொல்லாம கிலோவை மட்டும் சொன்னா அந்த நம்பருக்கு அர்த்தமே இல்ல, 28 பாயிண்ட் கிழங்கு அரைச்சவரும் 24 பாயிண்ட் அரைச்சவரும் எப்படிங்க ஒண்ணாவாங்க? கிழங்குல வந்த மாவுல எத்தனை சதவீதத்தை நீங்க பிடிச்சீங்க, எவ்வளவு அரைச்சு மிஞ்சற திப்பியோட போச்சு, அதைக் கேளுங்க. ஈரமாவா எடை போடறீங்களா காஞ்ச மாவா, மூட்டையில ஈரப்பதம் எவ்வளவு விடறீங்க, இதெல்லாம் முதல்லயே ஒரே மாதிரி பேசி முடிச்சுக்கணும்.

இந்த இடத்துல என் சொந்த அனுபவம் ஒண்ணு சொல்லணும். பல வருஷம் முன்னாடி, சேகோ இல்ல வேற தொழில், நான் ஒரு குழு நடத்தினேன், ஏழு கம்பெனி. முதல் மாசமே டெலிவரி செலவு டன்னுக்கு எவ்வளவுன்னு எல்லாரும் எழுதிக் குடுத்தாங்க, ஒருத்தர் நம்பர் மட்டும் மத்தவங்கள்ல பாதி. எல்லாரும் அவரை அண்ணாந்து பாத்தாங்க. ரெண்டு பேர் வீட்டுக்குப் போய் டிஸ்பாட்ச்ல இருந்த ஆட்களைத் திட்டி, ஒருத்தர் வேலையை விட்டே அனுப்பிட்டாரு. நாலு மாசம் கழிச்சுதான் தெரிஞ்சுது, அந்தப் பாதி நம்பர்காரருக்கு லாரி சொந்தம், அவரு டீசல் மட்டும்தான் எழுதியிருந்தாரு, டிரைவர் சம்பளம், டயர், இன்சூரன்ஸ் எதுவும் அதுல இல்ல. அவரு பொய் சொல்லல, நான் தான் “டெலிவரி செலவுன்னா என்னென்ன சேரும்”னு எழுதிக் குடுக்கல. வேலை போன அந்த டிஸ்பாட்ச்காரர் முகம் எனக்கு இன்னும் மறக்கல. செலவு நம்பர்னாலே சொந்த வண்டியும் வாடகை வண்டியும் இப்படிக் குழம்பும், அதோட வாடகையும் நீங்க எல்லாரும் ஒரே வண்டிக்காரங்களுக்குக் குடுக்கற விலைதான், அதனாலதான் அதையும் அடிக்கச் சொன்னேன். அதே குழு கடைசியில உடைஞ்சதுக்கு வேற காரணம், ஒரு கம்பெனியில இருந்து யாரோ அந்தத் தாளை போட்டோ எடுத்து வெளிய ஒரு புரோக்கர்கிட்ட காட்டிட்டாங்க, அதுக்கப்புறம் யாரும் வாயைத் திறக்கல. உங்க அப்பா பயப்படறது இதுக்குத்தான், அந்தப் பயத்துல நியாயம் இருக்கு, அவரை எதிர்த்துப் பேசாதீங்க.

அளக்கறது ஒரே மாதிரி இருக்கணும்ங்கறதுக்காகவே வெளிநாட்டுல 1996ல சப்ளை செயின் கவுன்சில்னு ஒண்ணு ஆரம்பிச்சு ‘ஸ்கோர்’னு ஒரு மாடல் கொண்டு வந்தாங்க, திட்டம் போடறது, வாங்கறது, தயாரிக்கிறது, அனுப்பறது, திரும்பி வர்றதுன்னு வேலையைப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் எந்த அளவு, அதுல எது சேரும் எது சேராதுன்னு எழுதி வச்சாங்க. அதுல நூத்துக்கணக்குல இருக்கு, நமக்கு அத்தனை வேணாம். ஆனா ரெண்டு அளவு சேகோவுக்கு அப்படியே பொருந்தும்.

ஒண்ணு, பர்பெக்ட் ஆர்டர். சொன்ன தேதியில போச்சா, சொன்ன மூட்டை முழுசா போச்சா, நனையாம கிழியாம போச்சா, பில்லு சரியா போச்சா, நாலும் சரியா இருந்தாதான் அந்த ஆர்டர் பாஸ். நாலும் தனித்தனியா 95 சதவீதம்னு சொல்லி நம்ம சந்தோஷப்படுவோம், ஆனா பெருக்கிப் பாருங்க, 81 சதவீதம்தான் வருது, அஞ்சு ஆர்டர்ல ஒண்ணு எங்கயோ ஒரு இடத்துல இடிக்குது. இந்தோருக்கோ புனேக்கோ போற லோடுல ஒரு புகார் வந்தா அதைச் சரி பண்ண எத்தனை போன், எத்தனை நாள்னு நீங்க அனுபவிச்சிருப்பீங்க.

ரெண்டாவது, பணம் வெளிய போய் திரும்பி வர்ற நாள். சரக்கு எத்தனை நாள் கையில நிக்குது, அதோட பார்ட்டி பணம் வர எத்தனை நாள், இதுல இருந்து நீங்க கடன் வச்சு வாங்கற நாளைக் கழிக்கணும். சரக்கு 40 நாள், வரவேண்டியது 30 நாள், நீங்க குடுக்கவேண்டியது 15 நாள்னா 55 நாள் உங்க பணம் வெளிய சுத்துது. இங்க ஒரு விஷயம் கவனமா இருங்க, விவசாயிக்குப் பணம் தர்றதை இழுத்தா இந்த நம்பர் அழகா குறையும், அதைப் பாத்து யாராச்சும் “ஆஹா இவர்தான் பெஸ்ட்”னு சொல்லக்கூடாது. அதனால உங்க குழுவுல விவசாயிக்குப் பணம் போற நாளைத் தனியா எழுதுங்க, அது எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லதுன்னு முதல் கூட்டத்துலயே எல்லாரும் ஒத்துக்கணும். வர வேண்டிய பணத்துல பார்ட்டி பேர் எழுத வேணாம், சராசரி நாள் மட்டும் போதும். பேர் போட்டுப் பேச ஆரம்பிச்சா அது “இவருக்கு சரக்கு தராதீங்க”ன்னு போய் முடியும், அதுவும் மேல சொன்ன சட்டத்துக்குள்ளதான் வரும். பணம் வரலைன்னா அதுக்கு வழி தனியா இருக்கு, மத்திய அரசோட உத்யம் பதிவு பண்ண சின்ன யூனிட்டுக்கு வாங்குனவங்க அதிகபட்சம் 45 நாளுக்குள்ள தரணும்னு சிறு தொழில்களுக்கான 2006 சட்டத்துலயே இருக்கு, அதை நீங்க ஆறு பேரும் எழுதிவச்சு பில்லுல அச்சடிச்சுக்கலாம்.

இதோட கரண்ட் யூனிட் மூட்டைக்கு எவ்வளவு, தண்ணி எவ்வளவு, சாணஎரிவாயு மாதிரி கழிவுத் தண்ணியில இருந்து கேஸ் எடுக்கறவங்க எவ்வளவு மிச்சம் பிடிக்கறாங்க, இதையும் சேத்துக்கோங்க. ரூபாயில வேணாம், யூனிட்டுலயும் லிட்டர்லயும் போதும். ரூபாய் வந்தாலே பேச்சு திசை மாறிடும்.

எப்படிச் சேகரிக்கிறதுங்கறது முக்கியம். ஆறு பேரும் நேரா நம்பரை மேசையில போடாதீங்க. உங்க யாருக்கும் தொழில் சம்பந்தம் இல்லாத ஒருத்தர்கிட்ட தனித்தனியா மூடின கவர்ல குடுங்க, கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில மெக்கானிக்கல் பக்கம் இருக்கற ஒரு பேராசிரியரைக் கேட்டுப் பாருங்க, பசங்களுக்கும் ப்ராஜெக்ட் ஆகும். அவரு பேர் இல்லாம தாள் தரணும், குறைஞ்சது எவ்வளவு, நடு எவ்வளவு, கூடுனது எவ்வளவு, உங்க இடம் எங்க. சராசரியை விட நடுவுல நிக்கிற நம்பர் நல்லது, ஒருத்தர் ஏடாகூடமா எழுதுனாலும் அது அவ்வளவா ஆடாது. அமெரிக்காவுல ரொம்ப வருஷம், இப்படிச் செஞ்சா கேஸ் போட மாட்டோம்னு அரசாங்கமே ஒரு சலுகை வச்சிருந்தாங்க, மூணாவது ஆள் சேகரிக்கணும், விவரம் மூணு மாசத்துக்கு மேல பழசா இருக்கணும், குறைஞ்சது அஞ்சு பேர் இருக்கணும், யாரும் அந்தக் கணக்குல 25 சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாதுன்னு. 2023ல அவங்களே அந்தச் சலுகையை எடுத்துட்டாங்க, அது இருந்தா மட்டும் பத்திரம்னு சொல்ல முடியாதுன்னு. நமக்கும் அது சட்டப் பாதுகாப்பு கிடையாது, ஆனா நம்பர் யாரோடதுன்னு வெளிய தெரியாம இருக்க நல்ல வேலி. நீங்க ஆறு பேர், ஒருத்தர் விலகுனாலும் அஞ்சு நிக்கும், நாலாச்சுன்னா நிறுத்திடுங்க, ஏன்னா நாலுல உங்களைக் கழிச்சா மீதி மூணு யாருன்னு யூகிக்கறது கஷ்டமே இல்ல. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி உள்ளூர் வக்கீல் ஒருத்தர்கிட்ட, என்ன பேசுவோம் என்ன பேச மாட்டோம்னு ஒரு பக்கத்துல எழுதி ஆறு பேரும் கையெழுத்து போட்டு வச்சுக்கோங்க.

இன்னொண்ணு சொல்லணும், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். பெஞ்ச்மார்க்னா அதே தொழில்ல இருக்கறவங்களைத்தான் பாக்கணும்னு இல்ல. ஜெராக்ஸ் கம்பெனி 1979 வாக்குல ஜப்பான்காரங்ககிட்ட தோத்துக்கிட்டு இருந்தப்பதான் இதைப் பெருசா ஆரம்பிச்சாங்க, அவங்க குடோன் வேலையைச் சரி பண்ணப் போய்ப் பாத்தது இன்னொரு காப்பி மெஷின் கம்பெனியை இல்ல, எல்எல் பீன்னு பூட்ஸும் சட்டையும் தபால்ல விக்கிற ஒரு கம்பெனியோட குடோனை. டொயோட்டா கூட 1977ல தனக்கு பார்ட்ஸ் தர்றவங்களைச் சின்னச் சின்னக் குழுவாப் பிரிச்சு ஒருத்தர் பேக்டரியை இன்னொருத்தர் போய்ப் பாத்துச் சரி பண்ற மாதிரி வச்சாங்க, அதுல நேரடிப் போட்டியில இருக்கற ரெண்டு பேரை ஒரே குழுவுல போடறதில்ல.

உங்களுக்கு யார் எல்எல் பீன்? எனக்குத் தோணறது, பால். பாலும் உங்க கிழங்கு மாதிரிதான், கறந்த நேரத்துல இருந்து கெட ஆரம்பிக்குது. ஆனா எந்த ஊர் பால் சொசைட்டியிலயாச்சும் வண்டி ஏழரை மணி நேரம் நின்னு பாத்திருக்கீங்களா? காலையிலயும் சாயங்காலமும் இந்த ரூட்டுக்கு இந்த நேரம்னு வண்டி வருது, ஊத்தின இடத்துலயே கொழுப்பு எவ்வளவுன்னு பாத்து சீட்டு கைக்கு வந்திருது, பேக்டரி வாசல்ல வந்து சண்டை போடறதுக்கு எதுவும் மிச்சம் இல்ல. பாயிண்ட்டை காட்டு ஓரத்துலயே இல்லைன்னாலும் ஊருக்கு நடுவுல ஒரு இடத்துல ரெண்டு பேர் முன்னாடி பாத்து சீட்டு குடுத்துட்டா, வண்டி நின்ன நேரத்துல குறைஞ்சது யார் கணக்குங்கறது தெளிவாயிடும். ஒரு நாள் விடியக்காலையில எழுந்து உங்க ஊர் சொசைட்டி வாசல்ல போய் நின்னு பாருங்க. அப்படியே ஒரு ஞாயித்துக்கிழமை ஏற்காடு ஏறி, காப்பிப் பழம் பறிக்கிற சீசன்ல ஒரு எஸ்டேட்டைப் பாத்துட்டு வாங்க, காலையில பறிச்ச பழம் அன்னைக்கே பல்பர்ல, அதாவது தோல் உரிக்கிற மெஷின்ல, ஏறிடணும்ங்கறதுக்காக ஆள், கூடை, வண்டி எல்லாத்தையும் பின்னால இருந்து எண்ணி வச்சிருப்பாங்க. அவங்க உங்களுக்குப் போட்டி இல்ல, கேட்டா மனசு திறந்து சொல்லுவாங்க.

அரசாங்கத்துலயும் ஒரு வழி இருக்கு, 2023 மார்ச்ல சிறு குறு தொழில்களைப் பாக்கற மத்திய எம்எஸ்எம்இ அமைச்சகம், வீணாகறதைக் குறைக்கற லீன் திட்டத்தைத் திரும்ப ஆரம்பிச்சாங்க, கன்சல்டன்ட் வந்து கூட நின்னு செஞ்சு தர்ற செலவுல 90 சதவீதத்தை அவங்களே ஏத்துக்கறதா அப்ப சொன்னாங்க. இப்பவும் இருக்கான்னு டிஐசி, அதாவது மாவட்டத் தொழில் மைய ஆபீஸ்ல கேளுங்க.

சேகோ ஆலைக்காரங்களோட கூட்டுறவு சங்கம் சேகோசர்வ் இருக்கே அக்கா, அவங்க பண்ண மாட்டாங்களான்னு நீங்க கேக்கலாம். 1981ல இருந்து விக்கிற பக்கத்தை ஒரே கூரைக்குக் கீழ கொண்டு வந்தவங்க அவங்க, அதோட அருமை பழைய ஆளுங்களைக் கேட்டா தெரியும், 2023ல சேலம் ஜவ்வரிசிக்கு புவிசார் குறியீடும் வந்தாச்சு. ஆனா உங்க கேட்டுல வண்டி நிக்கிற நேரத்தை வெளிய இருந்து யாரும் வந்து குறிக்க மாட்டாங்க. புவிசார் பேர் வந்ததுக்கப்புறம் உங்க ஆறு பேர்ல ஒருத்தர் சரக்கு மட்டமா போனாலும் எல்லார் பேரும்தான் கெடும், ஆறு பேரும் சேர்ந்து தேறணும்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அப்பாகிட்ட இப்படிச் சொல்லிப் பாருங்க: “விலை பேசமாட்டோம், பார்ட்டி பேர் பேசமாட்டோம், வறுக்கற பக்குவம் நம்ம வீட்டோட இருக்கும், வண்டி நிக்கிற நேரத்தை மட்டும் பேசப் போறோம்.” அப்புறம் முதல் கூட்டத்துக்கு அவரையே கூட்டிட்டுப் போங்க, முடிஞ்சா முதல் நம்பரை நீங்களே வைங்க, அதுவும் உங்களோட மோசமான நம்பரை. மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு அப்புறம் சொல்லலாம்னு ஆறு பேரும் காத்திருந்தா டீ குடிச்சுட்டு கலைஞ்சு போகத்தான் முடியும்.

சாப்ட்வேர் இப்ப வேணாம். கோடு போட்ட நீள நோட்டு ஒண்ணு வாங்கி எடை மேடை ரூம்ல கயிறு கட்டித் தொங்கவிடுங்க, பேனாவையும் சேர்த்துக் கட்டுங்க. வண்டி நம்பர், ஊர், பிடுங்குன நேரம், கேட்டுக்கு வந்த நேரம், எடை போட்ட நேரம், பாயிண்ட், அரவைக்குப் போன நேரம். ஏழே கட்டம். பிடுங்குன நேரத்தை டிரைவரைக் கேக்காதீங்க, கூட வர்ற விவசாயியைக் கேளுங்க, அவருக்குத்தான் சரியா தெரியும். முப்பது நாள் விடாம எழுதிட்டு அந்த நோட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, பாத்துட்டு அடுத்து என்ன பண்ணலாம்னு சொல்றேன்.